இன்ஜினை நிறுத்தியவள்

உலாயுக்குக்கு இடது காது அவ்வளவாகக் கேட்காது. வடதுருவக் கடலோரத்தில் ஊருக்கே கரண்ட் கொடுக்கும் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் கால் நூற்றாண்டு நின்றவளுக்கு வேறு எப்படி இருக்கும்? காதில் மாட்டிக்கொள்ள உறை கொடுத்திருந்தார்கள். அதை மாட்டினால் இன்ஜின் இருமுவது கேட்காது. இருமலைக் கவனிக்காமல் விட்டால் நடு ஜனவரியில் கரண்ட் நின்று, தண்ணீர் உறைந்து, ஊர் முழுக்கக் குழாய் வெடிக்கும். அதனால் உறையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டாள். காது போயிற்று. கரண்ட் போகவில்லை.

அப்படிப்பட்டவள்தான் அந்த இன்ஜினை நிறுத்த வேண்டும் என்று ஊரில் முதலில் வாயைத் திறந்தவள்.

பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, கடலில் பனி உடைந்த பிறகு, எண்ணெய்க் கப்பல் வரும். அடுத்த கப்பல் வரை எரிக்க வேண்டிய டீசலைக் கரையோரத் தொட்டிகளில் நிரப்பிவிட்டுப் போகும். ஒரு குளிர்காலத்தில் தொட்டியின் இணைப்பு விட்டு எண்ணெய் பனிக்கடியில் ஓடைக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. பனி உருகியபோதுதான் தெரிந்தது. அந்தக் கோடையில் ஓடை மீனை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது. தெற்கிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், வருத்தம் தெரிவித்தார், அதே விமானத்தில் போனார். வருத்தத்தைத் தின்ன முடியாது. கோடையில் இன்ஜினுக்குப் பதில் சோலார் பேனல் வேண்டும் என்று உலாயுக் வீடு வீடாகப் படியேறினாள். கூட்டம் போட்டாள். ஆள் வராத கூட்டத்தை மறுபடியும் போட்டாள்.

"இன்ஜின்காரியே இன்ஜினுக்குக் குழி வெட்டுறா," என்று சிரித்தார் பக்கத்து வீட்டு நூக்கிகா. வயதானவர். தனியாள். வாய் மட்டும் ஓயாது. "கண்ணாடிப் பலகையை நட்டு வச்சு அதுல டீ போடப் போறியா? குளிர்காலத்துல சூரியனே எட்டிப் பாக்காத ஊரு இது."

"எட்டிப் பாக்காதப்ப இன்ஜின் ஓடட்டும் மாமா. இப்ப ராத்திரின்னு ஒண்ணு இருக்கா? இப்ப எதுக்கு எண்ணெயை எரிக்கணும்?"

"மனுசனைத் தூங்கவிடாத சூரியன். அதுகிட்டப் போய் கரண்ட் வேற கேக்குறா பாரு!"

கடைசியில் சோலார் பேனல் வந்தது. கப்பல் பெட்டி அளவுக்கு ஒரு பேட்டரி வந்தது. அதை இயக்கிக் கொடுக்கத் தெற்கிலிருந்து கொலெட் என்ற பெண் இன்ஜினியர் வந்தாள். நல்லவள். சீல் என்ற கடல் விலங்கின் ஈரலைப் பச்சையாகக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் தின்றாள். இனி மிச்சம் இருந்தது ஒரே சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு முழு நாள் ஊர் பேட்டரியிலும் வெயிலிலும் ஓட வேண்டும். ஓடிவிட்டால் கோடை முழுவதும் இன்ஜினுக்கு விடுமுறை. நடுவில் இன்ஜினைத் தொட்டால் சோதனை செல்லாது. கொலெட் தன் ஊருக்குத் திரும்பிவிடுவாள். அடுத்த சோதனை அடுத்த வருஷம். அதே கப்பல், அதே தொட்டி.

சோதனை வியாழக்கிழமை என்று பேச்சு. புதன்கிழமை காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"இன்னைக்கே பண்ணிடலாம்," என்றாள் உலாயுக். "நாளைக்கு மேகம் வந்துச்சுன்னா?"

"எல்லாருக்கும் நாளைக்குன்னுதானே சொல்லியிருக்கோம்?" என்றாள் கொலெட்.

"ரேடியோல சொல்லிட்டாப் போச்சு."

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் பேசும் ரேடியோ ஒன்று எந்நேரமும் திறந்தே இருக்கும். சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. உலாயுக் இன்ஜினை நிறுத்தினாள்.

அப்புறம் நடந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள், ஆனாலும் சத்தம் நின்றதும் ஊருக்குக் கை கால் பதறியது. அங்கே பிறந்தவர்களுக்குச் சத்தம் நின்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: கரண்ட் போயிற்று, உறையப் போகிறோம். நாய்கள் ஊளையிட்டன. பெண்கள் குழந்தைகளுக்குக் கம்பளிக் கோட்டை மாட்டினார்கள். நூக்கிகா வீட்டில் இருந்த பானை, வாளி, பூட்ஸ் ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்து வைத்தார். மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

உலாயுக்குக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. மத்தியானம் வரைதான்.

மத்தியானத்துக்குப் பிறகு கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறியது. பேட்டரி போதும் என்றாள் கொலெட். திரையில் எண்கள் அசையாமல் நின்றன. உலாயுக் எண்களைப் பார்க்கவில்லை. பாலுக் இன்னும் வரவில்லை.

பாலுக் அவள் மகன். முப்பதைத் தாண்டியவன். செத்துப்போன அவளுடைய அப்பாவின் பெயர் அவனுக்கு. பெயர் யாருடையதோ உறவும் அவருடையதுதான் என்பது அங்கே வழக்கம். அதனால் அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் அவனை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை "மகளே" என்பான். திட்டும்போதுகூட அப்படித்தான்.

ஊர் எழுமுன்னே சீல் பிடிக்க, பனியில் ஓடும் மோட்டார் வண்டியில் உறைந்த கடல்மேல் போயிருந்தான், பனி முடிந்து தண்ணீர் தொடங்கும் விளிம்பு வரை. கையில் சின்ன ரேடியோ இருந்தது. ஆனால் அவள் காலையில் ஊருக்குச் சொன்ன நேரத்தில் அதை அணைத்து வைத்திருந்தான். வேட்டையில் எல்லோரும் அப்படித்தான், பேட்டரி மிச்சம் பிடிக்க.

பவர் ஹவுஸ் ரேடியோவில் அவன் குரல் கரகரத்தது.

"மகளே. இருக்கியா?"

"சொல்லு அப்பா. எங்க இருக்க?"

"தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கப் போறேன்? கையை நீட்டினா கை தெரியல. ஜிபிஎஸ் உருகின தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. நானும் வண்டியை நிறுத்தி நிறுத்திக் காதைக் குடுத்துப் பாக்குறேன். இன்ஜின் சத்தமே கேக்கல. ரொம்ப தூரம் கிழக்கே வந்துட்டேன் போல. அதான் திருப்பிட்டேன்."

உலாயுக் நின்றுகிடந்த இன்ஜினைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊரில் வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவனும் மூடுபனியில் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தான். வண்டியை அணைப்பான், மூச்சை அடக்குவான், இன்ஜின் எந்தக் காதில் விழுகிறது என்று பார்ப்பான். குளிர்காலத்தில் காற்று போட்ட பனிமேடுகளே திசை சொல்லும். ஜூன் மாதத்தில் அதெல்லாம் கரைந்து தண்ணீராகிவிடும். மிச்சம் அந்தச் சத்தம்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் வாயாரப் பேசினார்கள், எண்ணெயைப் பற்றி, மீனைப் பற்றி, கப்பலைப் பற்றி. இதை ஒருவரும் பேசவில்லை. காலுக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றி யார் பேசுவார்கள்? அவளோ இத்தனை வருஷமும் சத்தத்துக்கு உள்ளேயே நின்றவள். அது வெளியே எவ்வளவு தூரம் போய் யாரைக் கூட்டிவருகிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இன்ஜின் கேட்கவில்லை, அதனால் தூரமாக வந்துவிட்டோம் என்று வண்டியைத் திருப்பியிருக்கிறான். நேராக வந்திருந்தால் ஊர். திருப்பியது எந்தப் பக்கம்? தண்ணீர்ப் பக்கமா?

"அப்பா, வண்டியை நிறுத்து! ஒரு அடி நகராத! இன்ஜின் ஓடல. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."



"நீயா? நாளைக்குன்னுதானே சொன்ன?"

"இன்னைக்கே பண்ணிட்டேன்."

"அடிப்பாவி மகளே," என்றான் பாலுக். சிரித்தான். சிரிப்பு நடுங்கியது. "இங்க காலுக்குக் கீழ தண்ணி சலசலக்குது. நிக்குற பனி லேசா ஆடுற மாதிரி இருக்கு. ரேடியோவும் போகப் போகுது. சத்தத்தைப் போடு. நான் வண்டியை அணைச்சுட்டுக் காத்திருக்கேன்."

பனி ஆடினால் அது கரையிலிருந்து பிய்த்துக்கொள்ளும் பனி. அதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவளுடைய அப்பா, முதல் பாலுக், அப்படித்தான் போனார். உடம்பு கிடைக்கவில்லை.

ரேடியோவில் கேட்டவர்கள் கரையில் கூடி, அவனுக்குத் திசை காட்டத் துப்பாக்கியால் சுட்டார்கள். வெடி ஒருமுறை விழுந்து, பனிப்பாளங்களில் மோதி, நாலு பக்கமிருந்தும் திரும்பியது. அதை வைத்துத் திசை பிடிக்க முடியாது.

கொலெட் அவள் தோளைத் தொட்டாள். "லோடு குடுக்காம இன்ஜினைச் சும்மா ஓடவிடலாம் உலாயுக். ஊரு பேட்டரியிலயே இருக்கட்டும். கரண்ட் இன்ஜினிலிருந்து போகலைன்னா சோதனை கெட்டதா ஆகாது. நான் அப்படித்தான் எழுதுவேன்."

நல்ல யோசனைதான். உலாயுக் இன்ஜினைக் கிளப்பினாள். அது மெல்ல உறுமியது. இருவரும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

"கேக்கல."

சுமையில்லாத இன்ஜின் முணுமுணுக்கும். வேலை கொடுத்தால்தான் கத்தும். உலாயுக் சுவிட்சுப் பலகையின் முன் போய் நின்றாள். ஊரை இன்ஜினுக்கு மாற்றும் கைப்பிடி. அதை இழுத்தால் இத்தனை வருஷக் கூட்டம், இத்தனை படி, அந்த மீன், எல்லாம் இன்னொரு வருஷம் தள்ளிப் போகும். உலாயுக் இழுத்தாள்.

இன்ஜின் குரல் தடித்தது. போதாது என்று தோன்றியது. கோடை நாள்; ஊரில் ஒரு வீட்டிலும் பெரிதாக எதுவும் ஓடவில்லை. கரண்டைச் சிக்கனமாகச் செலவு பண்ணுங்கள் என்று ஆறு மாதமாக வீடு வீடாகக் கெஞ்சியவளே அவள்தான். கேட்டுத் தொலைத்திருந்தார்கள்.

ரேடியோவை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. உலாயுக் பேசுறேன். பாலுக் பனியில மாட்டிக்கிட்டான். இன்ஜின் கத்தணும். வீட்டுல இருக்குற எல்லாத்தையும் போடுங்க. கெட்டில், அடுப்பு, துணி காயவைக்கிற மெஷின், எல்லாம். பள்ளிக்கூடத்துல ஹீட்டரையும் போடுங்க."

"என்ன பொண்ணே," என்றது நூக்கிகாவின் குரல். "நேத்து வரைக்கும் ஒரு பல்பு எரிஞ்சாக்கூடக் கதவைத் தட்டுவியே?"

"மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"காலெல்லாம் வேணாம். போட்டுட்டேன்டி. பூட்ஸ்ல பிடிச்ச தண்ணியைத்தான் இப்ப கெட்டில்ல ஊத்தியிருக்கேன்."

ஒவ்வொரு வீடாகச் சுமை ஏறியது. மீட்டர் முள் நகர்ந்தது. இன்ஜின் இடுப்பைக் கொடுத்துத் தூக்கும் ஆள்போல முக்கியது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. புகைக்குழாய் ஊர் முழுக்கக் கேட்கும்படி கர்ஜித்தது. வீடுகளில் ஜன்னல் திறந்து, வேர்க்க வேர்க்க, யாருக்கும் வேண்டாத வெந்நீரைக் கொதிக்க வைத்தார்கள். ஈரமில்லாத துணிகள் மெஷினில் சுற்றின. உலாயுக் வெளியே வந்து கரையைப் பார்த்து நின்றாள். வெள்ளை. வெறும் வெள்ளை. அவளுடைய நல்ல காதிலும் இன்ஜினைத் தவிர வேறெதுவும் விழவில்லை. அவன் கூப்பிட்டால்கூட அவளுக்குக் கேட்காது. கரையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகங்களில் ஒன்றும் இல்லை.

கொலெட் இரண்டு கோப்பை டீ கொண்டுவந்தாள். இரண்டும் ஆறிப்போயின.

"நான்தான் இன்னைக்கேன்னு சொன்னேன்," என்றாள் உலாயுக்.

"நானும்தான் சரின்னு சொன்னேன்," என்றாள் கொலெட்.

பிறகு கரையில் ஒருவன் கையைத் தூக்கினான். பக்கத்திலிருந்தவன் திரும்பினான். நாய்கள் எழுந்து நின்றன. மூடுபனியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்து, அது வண்டியாகி, வண்டிமேல் இடுப்புவரை நனைந்த ஒரு மனிதனாகியது. பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டி இல்லை, சீலும் இல்லை. பனி பிளந்த இடத்தில் கயிற்றை வெட்டி இரண்டையும் விட்டுவிட்டுத் தாண்டியிருக்கிறான்.

அவள் ஓடவில்லை. அவனே வந்தான்.

"காது கிழியுது," என்றான். பற்கள் தந்தியடித்தன. "கொஞ்சம் குறைக்கச் சொல்லு மகளே."

"வாயை மூடு அப்பா," என்றாள் அவள். அவன் நனைந்த கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

சோதனை செல்லாது என்று கொலெட் உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஏன் என்றும் எழுதினாள். தெற்கே இருந்தவர்கள் எதைப் படித்தார்களோ, அடுத்த வருஷம்தான் என்று பதில் வந்தது. அந்த ஒரு வருஷத்தில் உலாயுக் மறுபடியும் படியேறினாள். இந்தத் தடவை கேட்டது கரையில் ஓர் ஊதுகுழல். இன்ஜினைப் போலவே தாழ்ந்த குரலில், விடாமல், பேட்டரியிலேயே ஒலிப்பது. முதலில் குழல், பிறகுதான் நிறுத்தம் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னாள். குழல் வந்தது. மறு சோதனையும் முடிந்தது. இப்போது அந்த ஊரில் கோடையில் இன்ஜின் ஓடுவதில்லை.

ஆனால் ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் இன்ஜினை நிறுத்துமுன் அவள் ஒன்று செய்கிறாள். குழல் ஊதிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவை எடுத்து, பனிமேல் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறாள். பிறகு வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஊர் கிண்டல் பண்ணிக்கொண்டே பதில் சொல்கிறது. சென்ற கோடையில் எல்லா வீடும் பதில் சொன்னது, ஒன்றைத் தவிர.

"நூக்கிகா மாமா?"

அவள் ரேடியோவை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"மாமா?"

"தூங்கியிருப்பாரு மகளே," என்றான் பாலுக் பக்கத்தில் நின்று. "அவரு பனிமேல போயி எத்தனை வருஷமாச்சு? நிறுத்து."

அவள் இன்ஜின் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, சேற்றில் நடந்து, நூக்கிகாவின் கதவைத் தட்டினாள். கிழவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"இருக்கேன்டி இன்ஜின்காரி, இருக்கேன்."

"அதை ரேடியோல சொல்லுங்க."

அவர் சொல்லும் வரை வாசலிலேயே நின்றாள். பிறகுதான் திரும்பிப் போய் நிறுத்தினாள்.