சின்ன மேடத்தின் வீட்டுக்காரர்

அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பெண்ணின் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றில் தாலி தொங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம்தான் கல்லூரி மைதானத்தில் அவரைப் பார்த்திருந்தேன். அப்போது அந்தக் கழுத்தில் விசில் கயிற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போதோ சேலை, தலையில் கனகாம்பரம், நெற்றியில் குங்குமம். மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிடுமா?

அவர் எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. உடற்கல்வி இயக்குநரைப் பெரிய மேடம் என்போம். இவர் சின்ன மேடம். பெரிய மேடம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வெயிலில் எங்களோடு ஓடியது, பந்தைத் தட்டிக்கொண்டே தலை நிமிர்ந்து பார்க்கப் பழக்கியது, விழுந்தவளின் முட்டிக்கு மருந்து போட்டது எல்லாம் சின்ன மேடம்தான். அவர் வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரி மனது வைத்துத் திரும்பக் கூப்பிட வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு அணி போகவில்லை என்றால் உதவிப் பயிற்சியாளர் எதற்கு என்று கேட்டுவிடுவார்கள். அதனால்தான் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு கெலமங்கலத்துக்குப் பக்கத்தில். ராகியும் துவரையும் போடுகிற குடும்பம். அப்பாவுக்குச் சந்தேகம்தான் சொத்து. தராசை நம்ப மாட்டார், தரகரை நம்ப மாட்டார், மழை வரும் என்று வானொலி சொன்னால் வானொலியையும் நம்ப மாட்டார். அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

“பொம்பளப் புள்ளைங்கள வெளியூருக்குக் கூட்டிக்கினு போறீங்க. உங்க வூட்ல ஒண்ணும் சொல்றதில்லையா?” என்று அப்பா ஆரம்பித்தார். சின்ன மேடம் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வூட்டுக்காரரு பட்டாளத்துல கிட்டாளத்துல இருக்காரா?”

“ம்” என்றார் அவர்.

“அதான பார்த்தேன். பட்டாளத்தான் பொண்டாட்டின்னா தைரியம் இருக்கும்ல.” அப்பாவின் தம்பி பட்டாளத்தில் இருந்தவர். அப்பா இந்த உலகத்தில் முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான். நான் கோயம்புத்தூர் போட்டிக்குப் போகலாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது. அம்மா வெற்றிலை பாக்கோடு குங்குமச்சிமிழை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் சுமங்கலி குங்குமம் எடுத்தால் தாலியிலும் கொஞ்சம் வைத்துக்கொள்வாள். சின்ன மேடம் நெற்றியில் மட்டும் வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். சிமிழை மூடினாள்.

பஸ் நிறுத்தம்வரை நான்தான் கூடப் போனேன். திரும்பி வரும்போது புளியமரத்தின் பின்னால் நின்று பார்த்தேன். ஒளிந்து பார்ப்பது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். தாலியைத் தலைவழியாகக் கழற்றி, விசில் வைக்கிற சுருக்குப் பையில் போட்டு இறுக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மைதானத்தில் என் கண் பந்தில் நிற்கவில்லை. இவர் யார்? எங்களை எங்கே கொண்டுபோகப் போகிறார்? ஜவளகிரிப் பெண்ணோடு கன்னடத்தில் பேசினார், தெலுங்குக்காரியோடு தெலுங்கில் பேசினார், என்னோடு தமிழ். மூன்று பாஷை பேசுகிறவளுக்கு மூன்று முகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் அப்பாவும் அதே மூன்று பாஷையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. ஒருநாள் போட்டு வாங்கப் பார்த்தேன். “மேடம், சார் எந்த ஊர் கேம்ப்ல இருக்கார்?” “நீ ரிங்கைப் பாரு” என்றார். வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் போட்டி போய்விடும். எனக்குப் போயே ஆகவேண்டும் என்றிருந்தது. சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு பந்தைப் போட்டேன்.

வெளியூரில் ராத்தங்கல் அதுதான் முதல் தடவை. அதனால் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு வழியனுப்ப எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள். தனித்தனி ஊர்களில் இருந்தவர்கள் ஒரே டீக்கடையில் கூடுவார்கள் என்று சின்ன மேடம் யோசிக்கவில்லை. சேலையும் தாலியுமாக டிக்கெட் விவரம் பேசிக்கொண்டிருந்தார். டீக்கடையில் அப்பா பெருமையாக, “இந்தம்மாவோட வூட்டுக்காரரு பட்டாளம்” என்றார்.

“பட்டாளமா? ரயில்வேங்க” என்றார் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்காரர்.

“யோவ், ஃபாரஸ்ட்ல கார்டுய்யா” என்றார் ஜவளகிரிக்காரர். ஓசூர் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தவர், “சிப்காட்ல சூப்பர்வைசர்னு இல்ல நெனச்சேன்” என்று முனகினார்.

டீ கிளாஸ்களைக் கீழே வைத்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “உண்மையச் சொல்லும்மா” என்றார் அப்பா.

“எனக்கு வீட்டுக்காரர்னு யாரும் இல்லைங்க” என்றார் சின்ன மேடம். “இல்லைன்னு சொன்னா நீங்க புள்ளைங்கள அனுப்ப மாட்டீங்க.” எல்லார் முன்னாலும் தாலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராகத் தங்கள் பெண்ணின் பையைக் கையில் எடுத்தார்கள். நான் அழுதுவிட்டேன். பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

அப்பா ஏறி உட்கார்ந்தார். மாற்று வேட்டிகூட இல்லை. “நானும் வர்றேன். என்னாதான் நடக்குதுன்னு பார்த்துர்றேன்” என்றார். அவ்வளவுதான். “ஆம்பள ஒருத்தர் கூடப் போறாரே” என்று சொல்லி மற்றவர்களும் பைகளை உள்ளே வைத்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எந்தக் கூடையில் நாங்கள் பந்து போட வேண்டும் என்பது கடைசிவரை பிடிபடாத ஒரு மனிதர் ஏறியதும் எங்கள் அணிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் அப்பா பந்தைப் பார்க்கவில்லை, சின்ன மேடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அரையிறுதியில் தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: “ஏம்மா, பொய்தான் சொன்ன, எல்லார் வூட்லயும் ஒரே ஆளச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நான் எங்க சொன்னேன், அண்ணா? பட்டாளமான்னு நீங்கதான் கேட்டீங்க. ஃபாரஸ்டான்னு அவங்க கேட்டாங்க. யாருக்கு யார் மேல நம்பிக்கையோ அந்த ஆளை அவங்களே கொண்டாந்து குடுத்தாங்க. நான் ‘ம்’ மட்டுந்தான் சொன்னேன்.”

தொப்பூர் தாண்டியதும் அப்பா என் பக்கம் குனிந்து, “கெட்டிக்காரி. எதுக்கும் நீ ஜாக்கிரதையா இரு” என்றார்.

அந்த ஜூனில் கல்லூரி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. பெற்றோர்கள் ஆட்சேபம் என்றார்கள். போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். “நமக்கெதுக்கு வம்பு?” என்று களத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஓர் ஆண் வந்தார். அவர் மனைவி எங்கே, என்ன செய்கிறார் என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை. சின்ன மேடத்தை ஓசூரில் ஷிப்ட் விட்டு வரும் கூட்டத்தில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள், பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதாக இன்னொருத்தி சொன்னாள். இரண்டையும் நான் நம்பவில்லை. அவர் கல்யாணமே ஆகாதவரா, கட்டியவன் விட்டுப் போனவரா, கட்டியவனை இழந்தவரா என்பதும் இன்றுவரை தெரியாது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஆளுக்கு என்ன உத்தியோகம் என்பதுதான்.

நான் ஓசூரில் விளையாட்டு ஆசிரியை ஆனேன். பெண் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். என் கழுத்தை ஒரு பார்வை பார்க்கிறார்கள், சரி என்று தலையாட்டுகிறார்கள், காப்பி தருகிறார்கள். இதைக் கட்டியவன் எப்படிப்பட்டவன் என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்: அந்த மனுஷனை நம்பி என் சொந்த மகளைப் பக்கத்துத் தெருவுக்குக்கூட நான் அனுப்பியதில்லை.