மூத்தவர் கேட்ட ஒன்றாம் எண்

திலகவதிக்குக் காலையிலேயே அலுப்பு தட்டிவிட்டது. கீரமங்கலத்தில் ஒரு கடைக்கு நெட் வரவில்லை. கந்தர்வக்கோட்டையில் ஒரு ஆபீசுக்கு பிரிண்டர் ஓடவில்லை. இதற்கு நடுவே திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டில் மறுபடியும் கேமரா நின்றுபோனதாம். ஸ்கூட்டரிலேயே மாவட்டத்தைச் சுற்றி வருகிற பிழைப்பு அவளுடையது. ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லித்தான் அவளை பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார்கள். நாற்பது வயதில் இடுப்பு வலியும் முகமெல்லாம் புழுதியும்தான் மிச்சம். அன்று அப்படிச் சொன்னவர்களை ஒருநாள் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

பெரிய வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அண்ணன் முருகப்பன் சென்னையில், தம்பி லக்ஷ்மணன் கோயம்புத்தூரில். ஆளுக்குப் பாதி அறைகள், ஆளுக்கொரு பூட்டு. வருஷத்துக்கு ஒருமுறை சாமி கும்பிட வருவார்கள். மற்ற நாளெல்லாம் சொந்த வீட்டை போனில்தான் பார்த்துக்கொள்வார்கள். இங்கேயே இருந்து பார்த்துக்கொள்பவர் காவல்காரர் குழந்தைசாமி.

கேட்டைத் திறந்துவிட்டவர், அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

"நாளையோட நான் கெளம்புறேன் தாயி."

"ஏண்ணே?"

"கரண்டு போயிட்டு வந்தாலே கேமரா நின்னுருது. நான்தான் வேணும்னு அமத்துறேன்னு சொல்லி பெரியய்யா வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு. இத்தனை வருசம் இருந்தும் இந்தப் பேரு. சரி, நீ வேலையப் பாரு."

திலகவதிக்குச் சுருக்கென்றது. போன மாதம் இதே புகாருக்கு வந்து, நெட் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டாள். எல்லாம் ஓடியது. காரணம் தேட நேரமில்லை, அடுத்த ஊர்க்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். "எதனால நின்னுச்சு?" என்று முருகப்பன் கேட்டபோது, "யாராச்சும் ஸ்விட்ச அமத்தியிருப்பாங்கய்யா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஒரே ஓர் ஆள் இருக்கிற வீட்டில் 'யாராச்சும்' என்றால் அது யார்? சொன்னபோது உறைக்கவில்லை, இப்போது உறைத்தது. உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் இவர் வேலை போகாமல் இருக்கலாம்.

வளவு முற்றத்தின் ஓரச் சுவரில் இருந்தது கேட்வே பெட்டி. வீட்டுக் கருவிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே பேச வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் கதவு இலக்கம் மாதிரி ஒரு ஐபி எண். சப்நெட் மாஸ்க் என்பது நம் தெரு எதுவரை என்று சொல்கிற எல்லை. லேப்டாப்பை மடியில் வைத்து முதலில் அந்த எல்லையைப் பார்த்தாள். ஒரு கேமராவில் தப்பாக இருந்தது. திருத்திவிட்டு மெயினை அணைத்துப் போட்டதும் எல்லாம் மறுபடி படுத்துவிட்டன. கேபிளை மாற்றினாள். அதுவும் இல்லை. வெயில் ஏறிவிட்டது, வயிறு காந்தியது. அழுகை வரும்போல் இருந்தது, அலுப்பில் வருகிற வெறும் அழுகை.

கடைசியில் வெறுத்துப்போய் கேட்வேயின் பிளக்கையே பிடுங்கினாள். கேட்வேயின் எண் ஒன்று. கேமரா வயர்கள் வந்து சேரும் இடத்தில் லேப்டாப்பைச் செருகி, ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வரக் கூடாது. வந்தது.

பெட்டி செத்துக் கிடக்கிறது, அதன் பெயரில் வேறு எதுவோ பேசுகிறது! ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தாள். பதிலை நிறுத்திய வயர் முருகப்பனின் பூட்டிய அறைக்குள் போனது. சாவி சென்னையில். உள்ளே இருப்பது, கேமராப் படங்களைப் பதிந்து வைக்க அவர் போன முறை வந்தபோது தனியாக வாங்கி வைத்த ரெக்கார்டர் என்றார் குழந்தைசாமி. அது இன்வெர்ட்டரில் ஓடுவதால் கரண்டு போனாலும் அணையாது. கரண்டு திரும்பி வரும்போது கேமராக்கள் அதையே வாசல் என்று நம்பி அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

முருகப்பனைக் கூப்பிட்டாள். "ஐயா, ஒங்க ரெக்கார்டருக்கு ஸ்டாட்டிக் ஐபி, அதான் மாறாத நம்பர், ஒண்ணுன்னு யாருங்கய்யா போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன். மூத்தவன் பங்குக்கு ஒண்ணு, லக்ஷ்மணன் பங்குக்கு ரெண்டு. அதுல என்ன?"

கோயில் விபூதியிலிருந்து கல்யாணப் பந்தி வரை முறை பார்க்கிற மனிதர், ஐபி எண்ணில் மட்டும் விட்டுவிடுவாரா?

"ஒண்ணு ஏற்கனவே கேட்வேயோட நம்பருங்கய்யா. அதான் ரெண்டும் மோதுது."

"அப்ப அந்தப் பெட்டிக்கு வேற நம்பர் குடும்மா."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. கேட்வேக்குத் தெருவின் கடைசி எண்ணைக் கொடுத்தாள். லேப்டாப்பிலிருந்தே ரெக்கார்டரிலும் கேமராக்களிலும் ஒவ்வொன்றாக நுழைந்து, இனி வாசல் எது என்று மாற்றி எழுதினாள். மெயினை மறுபடி மறுபடி அணைத்துப் போட்டாள். ஒன்றுகூட நிற்கவில்லை.

மீண்டும் போன். "சரியாயிருச்சுங்கய்யா. தப்பு ஒங்க பூட்டுன ரூமுக்குள்ள இருந்துச்சு. குழந்தைசாமி அண்ணன் எதையும் தொடலைங்க. போன தடவ நான்தான் பாக்காமக் கொள்ளாமச் சொல்லிட்டேன்."

"அது சரிம்மா. ஆனா புது ஆளுக்கு வாக்குக் குடுத்தாச்சு. தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். இப்ப போயி மாத்துனா நல்லாருக்காது."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

குழந்தைசாமி ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவள் ஏறிய இடத்திலெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். திலகவதி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே, போன மாசம் ஐயாகிட்ட அப்படிச் சொன்னது நான்தாண்ணே."

"தெரியும் தாயி. நெட்டு பாக்குற புள்ளையே சொல்லுச்சுன்னு ஐயா அன்னைக்கே போன்ல சொன்னாரு."

தெரிந்துதான் இத்தனை நேரம் நின்றிருக்கிறார். அவர் நன்றாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வயர்களைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "இனிமே கரண்டு போனா கேமரா நிக்காதுல்ல?"

"நிக்காதுண்ணே."

"அப்பச் சரி. புதுசா வாரவன் மேல பழி வராது."