சமையல் மேடையின் உயரம்

சமையலறையை மரத்தில் புதிதாகச் செய்யலாம் என்று மனைவி சொன்னபோது, இப்போது இருப்பதற்கு என்ன குறை என்று கேட்டேன். அவள் சிங்க்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தாள். கதவு கையோடு வந்துவிட்டது. பாலில் ஊறிய ரஸ்க்கைப் போல உப்பியிருந்த அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் விவாதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

அவள் கேட்டவை இரண்டே. அலமாரிகள் நிஜ மரத்தில் இருக்க வேண்டும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரில் பாதியை எடுத்துவிட வேண்டும். மீதியை நான் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் எதையும் உள்ளே விட்டதில்லை. அதனால் மீதி என்னிடம் வந்தது நியாயம்தான்.

டிசைனர் பெண் ஒரு பெட்டி நிறைய மாதிரித் துண்டுகளோடு வந்தார். "எல்லாமே நேச்சுரல் வுட் லுக், அங்கிள்" என்றார். லுக் என்ற சொல்லுக்காகவே ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். பத்தில் ஒன்பது, அழுத்திய மரத்தூளின் மேல் ஒட்டிய மரத்தின் புகைப்படம். பத்தாவது துண்டு மரம். வசதி குறைந்த உறவினரை அறிமுகம் செய்வதுபோல அதைக் கடைசியில் எடுத்தார்.

"இது ஹொன்னே, அங்கிள். தமிழ்ல வேங்கைம்பீங்க. பெயின்ட் பேடா, லேமினேட்டும் வேண்டாம். எண்ணெய் பூசி அப்படியே விட்டுடலாம்."

"எண்ணெய் தனியா வேற பூசணுமா? தெனம் தாளிக்கிறேனே" என்றாள் மனைவி.

துண்டில் இரண்டு கணுக்கள் இருந்தன. சுட்டிக்காட்டினேன். "அது கேரக்டர், அங்கிள்" என்றார். எங்கள் ஸ்டோர்ஸில் அதற்கு ரிஜெக்ட் என்று பெயர். மனைவி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கணுவின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்ததால் வேங்கை முடிவாயிற்று.

அடுத்த முறை கணினித் திரையில் எங்கள் சமையலறையைக் காட்டினார். பத்தொன்பது கதவுகள், ஏழு இழுப்பறைகள். மேடை மேல் ஒரு கிண்ணத்தில் பச்சை ஆப்பிள்கள் ஆறு. மிக்ஸி இல்லை, குக்கர் இல்லை, மனிதர்களும் இல்லை. ஓர் ஓரத்தில் வட்டமாக ஒன்பது ஓட்டைகள்.

"இது என்ன?"

"வைன் ரேக், அங்கிள்."

"பூரிக்கட்டை நிக்குமா அதுல?" என்று மனைவி கேட்டாள். டிசைனர் குறித்துக்கொண்டார்.

மேடையின் உயரத்தில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. முப்பத்து நாலு அங்குலம் என்று போட்டிருந்தார். என் மனைவி நாலடி பத்து அங்குலம். பழைய மேடை முப்பத்து மூன்று. இத்தனை வருடங்களும் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுதான் சமைத்தாள். போன மழைக்காலத்தில் அந்தப் பலகையிலிருந்து வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் சமையல் நான். அவள் ஹாலிலிருந்து சொல்வாள், நான் செய்வேன். இன்னொரு முறை அவள் விழக்கூடாது. இந்த மொத்த மர வேலையில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"முப்பத்து நாலுதான் ஸ்டாண்டர்ட், அங்கிள். ரீசேல் வேல்யூ இருக்கில்ல. நாளைக்கு வாங்கறவங்க அதைத்தான் எதிர்பார்ப்பாங்க."

"யார் விற்கப் போவது?"

"நீங்க... இல்லாட்டி உங்க ஃபேமிலி" என்றார், மிகவும் நாகரிகமாக.

அன்று முதல் அந்த வாங்கப் போகிறவர் எங்களோடு குடியிருக்க ஆரம்பித்தார். ஒன்பது ஓட்டைகளும் அவருடையவை. ஆப்பிள்கள் அவருடையவை. எங்கள் சாவுக்குப் பிறகு வந்து இறங்கப்போகும் அந்த ஆறடி மனிதருக்கு முதுகு வலிக்கக் கூடாது என்பதற்காக என் மனைவி பலகையில் ஏற வேண்டும். என்ன ஒரு விருந்தோம்பல்.

மனைவியை நிற்க வைத்து, தரையிலிருந்து அவள் முழங்கை வரை டேப்பால் அளந்தேன். முப்பத்தைந்தரை. மேடை அதற்கு நாலரை அங்குலம் கீழே இருக்க வேண்டுமாம். ஆக முப்பத்தொன்று. இதை டிசைனருக்குப் போனில் எழுதி அனுப்பினேன். ஒரு சிரிக்கும் முகம் வந்தது. மறுபடி எழுதினேன். இரண்டு முகங்கள் வந்தன. மரம் அறுக்கக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக அவர் வீட்டுக்கு வந்த அன்று எழுந்து நின்றே பேசிவிட்டேன். இந்த வீட்டில் சமைப்பது இவள், வாங்கப் போகிறவர் குனிந்து சமைக்கட்டும், இல்லையென்றால் ஹோட்டலுக்குப் போகட்டும் என்றேன்.

டிசைனர் பெருமூச்சு விட்டார். "ஆய்த்து, அங்கிள். முப்பத்தொண்ணே போடறேன்."

மனைவி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "ஏம்மா, அவர் முழங்கையையும் ஒரு தடவ அள" என்றாள்.

"எதுக்கு, ஆன்ட்டி?"

"அளயேன்."

அளந்தார். நாற்பத்து மூன்று.

"அதுக்கு மேடை எவ்ளோ வரும்?"

"முப்பத்தெட்டுக்கு மேல வரும், ஆன்ட்டி."

"முப்பத்தெட்டு போட்டுடு."

"ஆன்ட்டி, உங்களுக்குக் கையே எட்டாது."

"அதுக்குத்தாம்மா."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"விளையாடாதே" என்றேன்.

"நான் எங்க விளையாடறேன்? கை ஒடைஞ்சப்ப ஆறு வாரம் உக்காந்து சாப்ட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனா சாப்ட முடிஞ்சுது. கட்டுப் பிரிச்சு மறுபடி அந்தப் பலகை மேல ஏறினப்பதான் தோணுச்சு, எதுக்கு ஏறணும்னு."

"அப்புறம் எதற்கு மரம் வேண்டும், அலமாரி வேண்டும் என்று கேட்டாய்?"

"பாக்கறதுக்கு. ஹால்லேர்ந்து பாக்க நல்லாயிருக்கணுமில்ல? அதுக்குத்தான சுவத்த எடுக்கச் சொன்னேன்."

டிசைனர் பென்சிலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். முதல் முறையாக அவருக்கு ரீசேல் வேல்யூ நினைவுக்கு வரவில்லை. நான் கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டினேன். அவள் மறுபடி விழக்கூடாது என்று கேட்டது நான்தான். அதற்கு மேடை எந்த உயரத்தில் வேண்டும் என்று இப்போது அவள் சொல்லிவிட்டாள்.

"முப்பத்தெட்டு அதிகம். முப்பத்தேழு போதும்" என்றேன்.

இப்போது நான்கு மாதமாகிறது. வேங்கை அழகாகத்தான் இருக்கிறது. என் மஞ்சள் விரல்கள் மூன்றாவது இழுப்பறையில் பதிந்திருக்கின்றன. எண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. பூரிக்கட்டை ஒன்பது ஓட்டைகளில் எதிலும் நிற்கவில்லை. மனைவி சோஃபாவில் காலை நீட்டிக்கொண்டு பாதிச் சுவருக்கு மேலாக என்னை மேற்பார்வை பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

"என்னங்க" என்றாள் நேற்று. உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன்.

"ரவை போதுமா?"

"அது உங்க இஷ்டம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மரத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்று கிளறினால் அடிப்பிடிக்கும் என்றேன். பிடிக்கட்டும் என்றாள்.