ஆரின் வால்ட்ஸ்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு மூலையில் பதினோரு பண்ணைகளின் பாலை டாங்கரில் ஏற்றிப் போவது ஆரின் லஷான்ஸின் வேலை. ஏற்றுவதற்கு முன் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்து, சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து, மூடியில் பண்ணையின் எண்ணை எழுத வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுதிய அளவை ஒரு பண்ணைக்காரரும் மறுபடி பார்த்ததில்லை. ஆரின் சொன்னால் சரிதான் என்று விட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரின் வேறு. கெட்டில் ஹில் என்ற உள்ளூர் இசைக்குழு எங்கே வாசித்தாலும், அங்கே கூட்டத்தின் நடுவில் ஒரு உயரமான கம்பம் நிற்கும். அதன் உச்சியில் இரண்டு மைக், அடியில் மடக்கு நாற்காலியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆரின். குழுவே அனுமதித்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பதியலாம், விற்கக் கூடாது, கேட்பவருக்கெல்லாம் பிரதி கொடுக்க வேண்டும். கம்பத்துக்குப் பக்கத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள். விவரம் தெரியாமல் கூடச் சேர்ந்து பாடிய ஒரு பெண்ணை ஒரு தடவை அவர் "உஷ்" என்று அதட்டினார். அந்தப் பெண்தான் மார்லீன். இருவருக்கும் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பதிவில் மார்லீனின் குரல் இன்னும் இருக்கிறது, சுருதி சேராமல்.

முந்நூற்றுச் சொச்சம் கச்சேரிகள் பதிந்தவருக்கு ஒரே ஒரு பாட்டு மட்டும் அகப்படவில்லை. மூன்று தட்டுத் தாளத்தில் மெதுவாகப் போகும், வார்த்தையில்லாத ஒரு வால்ட்ஸ். எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவிலிருந்து அக்கார்டியன்காரர் ஃபிலீப் விருந்தாளியாக வரும் நாட்களில்தான் அது வரும். முதல் தடவை பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இரண்டாவது தடவை மழை. மைக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிவிட்டு ஆரின் கூடாரத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளும் கூட்டம் இருபது பேரைத் தாண்டவில்லை. வேறு யாருக்கும் அந்தப் பாட்டு ஞாபகமில்லை. ரசிகர்கள் இணையத்தில் வைத்திருக்கும் பாட்டுப் பட்டியலில் ஆரின் இரண்டு தேதிக்கும் 'பெயரில்லாத வால்ட்ஸ்' என்று எழுதினார். அதன் கீழே க்ளெம் ரஸ்க், இவரைப் போலவே பதிபவர், இவருடைய இருபது வருஷச் சிநேகிதர், ஒரு வரி போட்டார்: "ஆரின் கனவில் வாசித்தது."

அதிலிருந்து அந்தக் கிண்டல் ஊரில் பிடித்துக்கொண்டது. யாராவது ஆதாரமில்லாமல் எதையாவது சொன்னால், "சரிதான், ஆரின் வால்ட்ஸ்" என்பார்கள். போன இலையுதிர் காலத்தில் ஒரு பண்ணைக்காரர், தான் பிடித்த மீனின் நீளத்தைப் பற்றிச் சொன்னபோது, அவருடைய மனைவியே அதைச் சொன்னார். ஆரினும் கூடச் சிரித்தார். வண்டியில் ஏறியபிறகு அந்த மெட்டை முணுமுணுத்துப் பார்த்தார். வந்தது. ஆனால் நடுவில் ஒரு திருப்பத்தில், அது மேலே போகுமா கீழே இறங்குமா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

ஜூலை இரண்டாவது ஞாயிறு மத்தியானம் வெஸ்ட் ஆல்டன் ஊர்ப் புல்வெளியில் கச்சேரி, ஃபிலீப் வருகிறார் என்று செய்தி வந்தது. கடைசித் தடவை, அவர் தன் மகளோடு இருக்க மேற்குக் கடற்கரைக்கே போகிறார். செய்தி வந்த அன்றே ஆரினின் பழைய ரெக்கார்டர் நின்றுபோனது. மெமரி கார்டைச் சொருகினால் துப்பியது. கையில் ஒன்பது நாள் இருந்தது.

முதல் நாள் புது ரெக்கார்டர்களைப் பற்றி அவர் படித்தது ஆறு மதிப்புரைகள். மூன்றாம் நாள் முப்பதைத் தாண்டிவிட்டது. சட்டைப் பையில் போகிற சின்னது ஒன்று இருந்தது. ஆனால் அது அவருடைய மைக்குகளுக்கு மின்சாரம் தராது, நடுவில் இன்னொரு பெட்டி வேண்டும். மின்சாரம் தருவது செங்கல் மாதிரி கனம், நாலு மணி நேரத்தில் பேட்டரியைக் குடித்துவிடும். இப்போது புதிதாக வந்திருக்கும் வகைக்கு ஒலியின் அளவை வைக்கவே வேண்டாமாம். எவ்வளவு சத்தமானாலும் கிழியாது, பிறகு வீட்டில் சரிசெய்துகொள்ளலாம். அதைப் புகழ்ந்து எழுதிய ஒருவரே அடுத்த பக்கத்தில் அதைத் திட்டியும் எழுதியிருந்தார்.

கடைக்குப் போன் செய்தார்.

"சார், நீங்க எதுக்குப் பதியறீங்க?" என்றாள் கடையில் போனை எடுத்த பெண்.

"பேண்ட் கச்சேரிக்கு."

"அப்போ பெரிசு எடுத்துக்கோங்க."

"பால் வண்டில போட்டுட்டுப் போவேன். அதிருமே."

"அப்போ சின்னது எடுத்துக்கோங்க சார்."

க்ளெமைக் கேட்டார்.

"அளவு வைக்கத் தெரியாதவனுக்குத்தான் அந்தப் புது மெஷின்" என்றார் க்ளெம். "உனக்கு அளவு வைக்கத் தெரியும். பேட்டரி மாத்தத்தான் தெரியாது."

"சரி, நீ எது வச்சிருக்க?"

"அந்தப் புது மெஷின்தான்."

சாப்பாட்டு மேஜையில் ஆரின் மூன்று காகிதங்களைப் பரப்பி, இரைச்சல், எடை, பேட்டரி என்று எண்களை எழுதிக்கொண்டே போனார். மக்கரோனித் தட்டை வைக்க இடமில்லை.

"என்னைக் கட்டிக்கறதுக்கு எத்தனை காகிதம் எழுதின?" என்றார் மார்லீன்.

"அப்போ ஒண்ணுதானே இருந்துச்சு, பாத்து எடுக்க."

"அடப்பாவி!" கையிலிருந்த கரண்டியால் காகிதத்தின் மேல் தட்டினார். "எந்தக் கருமத்தையாவது வாங்கு. அந்தப் பாட்டு வந்தா போதும். நீ தூக்கத்துல அதை முனகறத என்னால கேக்க முடியல. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி முனகற."

அது ஆரினுக்குத் திக்கென்றது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரியா? அப்படியென்றால் எது அசல்? 

கடைசியில் நடுத்தரமான ஒன்றை வாங்கினார். எண்கள் எல்லாவற்றிலும் இரண்டாவது இடத்தில் இருந்தது அது. சனிக்கிழமை சாயங்காலம்தான் பெட்டி வந்து சேர்ந்தது. எதுவரை கேட்கும், எதில் இரையும், எத்தனை மணி ஓடும் என்று எல்லாம் மனப்பாடமாக இருந்ததால் கையேட்டை அவர் பிரிக்கவில்லை.

ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. பார்வையை மறைக்கிறது என்று ஊர்க் கமிட்டி ஒரே ஒரு கம்பத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தது. ஆரின் முதலில் வந்து நட்டுவிட்டார். பத்து நிமிஷம் கழித்து க்ளெம் தன் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்று, பெருமூச்சு விட்டார்.

"கம்பி தரியா?"

இதை மறுக்கும் வழக்கம் இவர்களிடம் இல்லை. ஒருவருடைய ரெக்கார்டரிலிருந்து கம்பி இழுத்து இன்னொருவர் தன்னுடையதில் சொருகிக்கொள்ளலாம். மைக் யாருடையது என்று பிரதியில் எழுதினால் போதும்.

"கனவைப் பதியறதுக்கு உனக்கு எதுக்குக் கம்பி?" என்றார் ஆரின்.

"கொடுடா, ரொம்பப் பண்ணாதே."

க்ளெம் கம்பியைச் சொருகினார். ஆரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு வந்தது. திரையில் இரண்டு பட்டைகள் துள்ளின. ஹெட்போனில் புல்வெளி முழுதும் கேட்டது: குழந்தைகள், நாய், மாவு பொரியும் எண்ணெய். மனசு லேசானது. விளக்கு மினுக் மினுக்கென்று மின்னியது. பழையதில் விளக்கு நின்று எரியும். இது புதுசு, மின்னுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஏழாவது பாட்டாக அது வந்தது. ஃபிலீப் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அக்கார்டியனை விரித்தார், பிடில்காரி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டாள். மூன்று தட்டுத் தாளம். மார்லீன் ஆரினின் முழங்காலைப் பிடித்தார். பேசக் கூடாது என்பதால் புருவத்தை மட்டும் உயர்த்தினார். ஆரின் தலையாட்டினார். க்ளெம் தன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

கச்சேரி முடிந்து நிறுத்தும் பொத்தானை அழுத்தப் போனபோதுதான் ஆரின் நேரம் காட்டும் எண்ணைப் பார்த்தார். எல்லாம் பூஜ்யம். ஒரு தடவை அழுத்தினால் இந்த மெஷின் தயாராக மட்டும் நிற்கும். இன்னொரு தடவை அழுத்தினால்தான் ஓடும். ஒன்றரை மணி நேரம் அது தயாராக நின்றிருந்தது.

அவர் முகத்தைப் பார்த்து மார்லீன், "இல்லையா?" என்றார்.

"இல்ல."

க்ளெம் சிரிக்கவில்லை. தன் ஹெட்போனைக் கழற்றி ஆரினின் காதில் மாட்டினார். "உன் மைக்ல வந்ததெல்லாம் எனக்கு வந்துடுச்சு. கேளு. இருக்கு. ஆரின், நிஜமாவே இருக்குடா. நான் இப்பவே எழுதிடறேன், பட்டியல்ல, எல்லாருக்கும். கீழ விழுந்து மன்னிப்பு வேணும்னாலும் கேக்கறேன். இதுதானே அது?"

ஆரின் கேட்டார். நடுவில் அந்தத் திருப்பத்தில் மெட்டு கீழே இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, பழையதை நினைத்துப் பார்த்தார். மேலே போனதா? நினைவில் ஓடியது இப்போது கேட்டதுதான். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று தேடினால் எதுவும் கிடைக்கவில்லை.

"அவரையே கேளேன்" என்றார் மார்லீன்.

ஃபிலீப் வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி ரெண்டு தடவை வாசிச்சீங்களே, அதுதானே இது?" என்று கேட்டார் ஆரின்.

"இதுவா?" ஃபிலீப் தலையைச் சொறிந்தார். "இது காலையில வண்டில வரும்போது தோணிச்சுப்பா. ஆனா எனக்குக் காலையில தோணறதுல பாதி பழசாத்தான் இருக்கும்."

வேன் போய்விட்டது. க்ளெம் போனை எடுத்து, பட்டியலைத் திறந்து, கட்டைவிரலைத் திரைக்கு மேலே பிடித்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"மைக் ஆரின், மெஷின் க்ளெம். எழுதிட்டேன். அந்தப் பழைய ரெண்டு தேதிக்கும் 'உண்மை, இப்போது பதிவும் உண்டு'ன்னு போட்டுடவா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு."

சொல்லியிருக்கலாம். யாரும் மறுபடி பார்க்கப் போவதில்லை.

"அதுல கேள்விக்குறி போடு" என்றார் ஆரின்.

"உனக்குப் பைத்தியமா? கேள்விக்குறி போட்டா நான் கிண்டல் பண்ணது சரின்னு ஆயிடும்."

"ஆகலாம்."

"அப்போ நீ கேட்டியா, கேக்கலையா?"

"கேட்டேன். எதைக் கேட்டேன்னுதான் தெரியல."

க்ளெம் மார்லீனைப் பார்த்தார். மார்லீன் தோளைக் குலுக்கினார். க்ளெம் முனகிக்கொண்டே கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டு, "எனக்கே இப்ப ஒண்ணும் புரியல" என்று புல்லில் உட்கார்ந்து கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.