ரோஜா இலை தின்ற குச்சிப் பூச்சி

பாகலூர் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை ஜன்னலில் காயப்போட்டிருந்த கைத்துணியை எடுக்கப் போன என் மனைவி, "மாமா, இங்க வாங்களேன். ஒரு குச்சி நடக்குது" என்று கூப்பிட்டாள்.

உண்மையாகவே நடந்தது. ஒரு சாண் நீளம், விளக்குமாற்றுக் குச்சியின் பருமன், காய்ந்த மூங்கிலின் நிறம். விரலால் தொட்டதும் கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு வெறும் குச்சியாகக் கிடந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் எழுந்தது. எண்ணிப் பார்த்தேன், ஐந்து கால்கள்தான். முன்னங்கால் ஒன்று அடியோடு இல்லை. நான் சாமல்பட்டியில் வயல்காட்டிலேயே வளர்ந்தவன். அப்படி ஒரு பூச்சியைப் பார்த்ததில்லை.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த வீட்டு ஓனரம்மா முகத்தைச் சுளித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "வத்து, வத்து, வேணாம். அதெல்லாம் வீட்டுல வெச்சுக்கக் கூடாது. வெளிய போடும்மா."

"ஒரு கால் இல்லைக்கா. வெளிய போட்டா காக்கா கொத்திடும்" என்றாள் என் மனைவி.

அவள் அவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம். நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. அது இரண்டாவது முறை. அதற்குப் பிறகு வேலைக்குப் போவாள், சோறாக்குவாள், படுப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில் வரும். அதனால் பூச்சி இருக்கட்டும் என்று நானும் சொன்னேன். போனில் தேடினேன். குச்சிப் பூச்சி என்றே போட்டிருந்தது. கடிக்காது, இலை மட்டும் தின்னும்.

காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் விட்டோம். கொல்லையில் இருந்த கொய்யா மரத்தின் இலையைப் போட்டோம். பொழுது சாயும் நேரத்தில் இலையின் ஓரத்திலிருந்து அரைவட்டமாகக் கடித்துத் தின்றது. நான் கம்பெனியிலிருந்து இரவில் திரும்பும் நாட்களில், செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு ரெண்டு இலை தின்னுடுச்சு" என்பாள். மூன்று வாரம் அப்படிப் போனது.

பிறகு ஓனர் கொல்லையில் இன்னொரு ரூம் கட்டுவதற்காகக் கொய்யா மரத்தை வெட்டிவிட்டார். வேறென்ன தின்னும் என்று மறுபடி தேடினேன். ரோஜா இலையும் தின்னும் என்றிருந்தது.

"ரோஜா இலையா? எங்க தோட்டத்துல குவியல் குவியலாக் கிடக்குதே" என்று சிரித்தாள்.

அவள் வேலை பார்த்தது பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரம் போட்டு வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பும் ஒரு தோட்டத்தில். அந்த வேலையைப் பார்த்துச் சேர்த்துவிட்டவன் நான். வெயிலில் நிற்க வேண்டாம், என் கம்பெனியின் எண்ணெயும் இரும்புத்தூளும் இல்லாத வேலை, பூவுக்கு நடுவில் இருப்பாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை ஒரு பை நிறைய இலை கொண்டுவந்தாள். தின்கிற உயிராச்சே என்று குழாயடியில் இரண்டு முறை அலசித்தான் கூடைக்குள் போட்டாள். பூச்சி ஆசையாகத் தின்றது.

அடுத்த நாள் காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அது மல்லாந்து கிடந்தது. ஐந்து கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் ஈரம். ஐந்தரைக்கு அவள் வரும்போதும் அடங்கவில்லை. கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கூட பூ வெட்ற அக்காவுக்குக் கை இப்படித்தான் மாமா ஆடும்" என்றாள். பிறகு தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். "எனக்கும்."

விரல்கள் நடுங்கின. எனக்குத் தெரியாததல்ல. டீ டம்ளரை வைக்கும்போது தட்டில் கடகடவென்று சத்தம் வரும். கண்ணில் நீர் வடியும், காரணமில்லாமல் வேர்க்கும். கரு கலைந்த பலவீனம், ரத்தம் இல்லை என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மருந்து அடிச்சு எவ்ளோ நேரம் கழிச்சு உள்ள போவீங்க?"

"எங்க கழிச்சு? அந்த வரிசையில அடிப்பாங்க, இந்த வரிசையில நாங்க வெட்டிட்டு இருப்போம்."

"மூஞ்சிக்கு?"

"துப்பட்டாவைக் கட்டிக்குவோம்."

"வயித்துல இருந்தப்பவுமா?"

"ஏழு மாசம் வரைக்கும் வரலாம்னு சூப்பர்வைசர் சொன்னாரு" என்றாள். காலையில் பூச்சி அசைவற்றுக் கிடந்தது. அவள் அன்று வேலைக்குப் போகவில்லை.

பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். முன்பு பார்த்த இடங்களில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இம்முறை நான் எல்லாவற்றையும் சொன்னேன், பூச்சி செத்ததையும். அவர் சிரிக்கவில்லை. ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், "பூச்சி மருந்து உடம்புல சேர்ந்திருக்கு. இனி அந்தப் பக்கமே போகக்கூடாது" என்றார்.

"எம் பிள்ளைங்க போனதும் இதனாலதானாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"இருக்கலாம்மா. இதுதான்னு என்னால எழுதித் தர முடியாது."

ரத்தச் சோதனைச் சீட்டோடு தோட்டத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசினார். "இத்தனை பொம்பளைங்க வேலை செய்யறாங்க. அவங்களுக்கெல்லாம் பிள்ளை பொறக்கலையா?" நான் சத்தம் போடவேண்டும் என்றுதான் போயிருந்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில், கை நடுங்கும் அக்காவிடம் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றாள் என் மனைவி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டீ போட்டுக் கொடுத்தார்.

"தெரியும்மா, ரொம்ப நாளாவே தெரியும்" என்றார். "சரி, உன் இடம் காலியாத்தான இருக்குது? எம் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டுச் சும்மா கெடக்கறா. அவளை விட்டுடலாம்னு பாக்கறேன்."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாங்கக்கா, வேண்டாங்கக்கா என்று அழுதாள். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் வேலைக்குப் போனாள். இவள் இன்னும் இருமுறை போய்ப் பேசிப்பார்த்தாள். மூன்றாம் முறை அந்த வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை.

இப்போது என் மனைவி ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். கை நடுக்கம் நிற்கப் பல மாதங்கள் ஆயின. குழந்தை இன்னும் இல்லை. தோட்டத்துக்குப் போகிற அந்தப் பெண்ணுக்கு இந்தத் தையில் கல்யாணம். எங்களுக்கும் பத்திரிகை வைத்தார்கள். நான் மட்டும் போய்விட்டு வந்தேன்.