பியூலா திரும்பப் பெற்ற முடிவு

போன செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குப் பேருந்து பிடிக்க நான் நின்றபோது பியூலாவின் கணவர் அழைத்தார். "டீச்சர், பியூலா போயிட்டா" என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலி; ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டதாம். முந்தின நாள் மாலைவரை என்னோடு ஆய்வகத்தில் நின்றவள்.

நம் கல்லூரியில் உங்களில் பலருக்கு அவளைக் கண்டிப்பான நுண்ணுயிரியல் பேராசிரியையாகத் தெரியும். வேதியியல் துறையைச் சேர்ந்த எனக்கு அவள் பதினோரு வருடத் தோழி.

ஒருமுறை பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், நேராக வயலில் இறங்கினாள். ஒரு நெல் இலையைக் கிள்ளி, பையிலிருந்த கண்ணாடித் தட்டில், பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக்கூழில் அழுத்தி எடுத்தாள். சில நாளில் இலையின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. இலைகள் இம்மியளவு ஆவியாக வெளிவிடும் மெத்தனாலைத் தின்று வாழும் பாக்டீரியா அது. நமக்கு விஷம், அதற்குச் சோறு. அதன் மரபணுக்களில் சில மாற்றங்கள் செய்தால், மெத்தனாலைத் தின்று பிளாஸ்டிக் செய்ய உதவும் ஓர் அமிலத்தைத் தரும் என்று நம்பினாள். அதற்காக வருடக்கணக்கில் உழைத்தோம்.

ஒருநாள் அமிலம் வந்தது. கல்லூரி முதல்வர் மகிழ்ந்துபோய்க் கூட்டம் ஏற்பாடு செய்தார். வெளியூர் விஞ்ஞானிகளை அழைத்தார். கூட்டத்துக்கு முந்தின மதியம், பியூலா மெத்தனாலே ஊற்றாமல் வளர்த்த ஒரு குடுவையைச் சோதித்தாள். அதிலும் அமிலம் இருந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன். பாக்டீரியா மெதுவாக வளர்கிறதே என்று ஊட்டக் கரைசலில் கொஞ்சம் ஈஸ்ட் சாறு சேர்த்து வந்திருந்தேன், நோட்டில் எழுதவில்லை. பாக்டீரியா அதைத் தின்றுதான் அமிலத்தைத் தந்திருந்தது. கூட்டம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன்.

அவள் வெகுநேரம் கை கழுவினாள். "ஏட்டி, அவிய எல்லாம் நம்பி வாராவ. நான் எப்பிடி இந்தப் பொய்யோட மேடையில ஏறி நிக்க?" என்றாள்.

மறுநாள் ஏறி நின்றாள். அமிலம் மெத்தனாலிலிருந்து வரவில்லை, எங்கள் சோதனையில் பிழை, அறிவித்த முடிவைத் திரும்பப் பெறுகிறோம் என்று மூன்றே வாக்கியம். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. அவசரக்காரி என்று கேண்டீனில் பேசினார்கள். அவள் காதிலும் விழுந்தது. முதல்வர் மாதக்கணக்கில் அவளோடு பேசவில்லை. நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றபோது தடுத்தாள்.

"வேல நடக்கணும். ரெண்டு பேரும் தல குனிஞ்சா யாரு செய்ய?"

முதலிலிருந்து தொடங்கினோம். மூன்று மழைக்காலம் போயிற்று. இம்முறை, எடை கூடிய கார்பன் அணுக்களால் அடையாளமிட்ட மெத்தனாலை மட்டுமே கொடுத்தோம். கிடைத்த அமிலத்தில் அதே அடையாளம் இருந்தது. நான் முதல்வருக்கு போன் செய்யப் போனேன். இன்னும் இரண்டு முறை செய்து பார்க்காமல் விடமாட்டேன் என்றாள். மூன்றாம் முறையும் வந்தபின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கொஞ்சந்தான் மக்கா. ஆனா நெசம்" என்றாள். முதல்வரே ஆய்வகத்துக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இராஜாக்கமங்கலத்தில் அவளை அடக்கம் செய்தபோது, ஒருவர் பாராட்டிப் பேசுகையில், ஒருமுறை தவறினாலும் அதைத் திருத்திக்கொண்டவர் என்றார். எனக்கு வாய் எழவில்லை. எனவே இங்கே எழுதுகிறேன். அந்தத் தவறு அவளுடையதல்ல. ஈஸ்ட் சாற்றைச் சேர்த்ததும், எழுதாமல் விட்டதும், மறைக்கச் சொன்னதும் கோமதி என்கிற நான். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது, இதை உங்கள் முன்னால் என் பெயர் போட்டு எழுதும் துணிவு.