ஸ்ரோபெரிப் பாத்தியும் சித்திரைப் பொங்கலும்

மச்சாளின் பிரிட்ஜில் எப்போதும் ஒரு பெட்டி ஸ்ரோபெரி இருக்கும். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. அவருக்கு 'அவர்' போட்டு எழுதுகிறேனே, அதுவே என் பெரிய மனசு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் அவருடைய வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ற்றில் நாங்கள் குடியிருந்தோம்: நான், கணவர், ஆறு வயது மகள். ஒருநாள் மகள் மேலே போய் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாள். மச்சாள் அதை அவளுடைய கையிலிருந்து பறித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

"உது பிள்ளையளுக்கு வாங்கினது" என்றார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். அப்படியென்றால் என்னுடையது என்னவாம், ஆட்டுக்குட்டியா? அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவந்து மகளுக்கு முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை. "இது பிள்ளையளுக்கெல்லோ, அம்மா" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பெட்டி கட்டிய போர்த்துக்கேயப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். எனக்கும் அவளுக்கும் ஆங்கிலம் அரைகுறை. கோபத்துக்கு அவ்வளவு போதும். வைகாசியில் அவள் தன் தோட்டத்திலிருந்து ஸ்ரோபெரிக் கன்றுகளை ஈரக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். மகளே தன் கையால் நடட்டும், தானே நட்டதை எந்தப் பிள்ளையும் தின்னும் என்றாள். பின்வளவில் வேலியோரம் ஒரு மூலையை மச்சாளிடம் கேட்டேன். "நட்டுப் பாரன். கண்டறியாத தோட்டம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கன்றுகள் பிடித்தன, பூத்தன. ஆனால் முதல் வருடப் பூவை எல்லாம் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் பலப்படாது என்று போர்த்துக்கேயக்காரி சொல்லியிருந்தாள். பூத்த செடியில் பூவைக் கிள்ளச் சொன்னால் எங்கள் கை போகுமா? மகள் அழுதாள். வருகிற வருடம் காய்க்கிறது எல்லாம் உனக்குத்தான், மேலே ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கிள்ளினாள். மச்சாள் பின்வாசல் மரத்தளத்தில், அந்த டெக்கில், நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூக்கிறதைக் கிள்ளுற ஆக்களை இப்பதான் காணுறன். வீட்டுக்குத் தரித்திரம்."

என் வாயில் பதில் இருந்தது. கணவர் கண்ணைக் காட்டினார். அக்கா என்றால் அவருக்கு வாயில் கொழுக்கட்டை.

குளிர் தொடங்கியதும் மச்சாள் தன் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்கி, முன்னறை யன்னலோரம் புது மாப்பிள்ளை மாதிரி இருத்தினார். எங்கள் சனம் எல்லாரும் செய்கிற வேலைதான். தன் செடிகளையும் உள்ளே கொண்டுவரச் சொல்லி மகள் கரைச்சல் பண்ணினாள். ஸ்ரோபெரி அப்படியில்லை, அதற்குக் குளிர் வேண்டும், உள்ளே சூட்டில் வைத்தால் ஓய்வில்லாமல் முளைத்து முளைத்தே மெலிந்து போகும் என்று போர்த்துக்கேயக்காரி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். "அது பனி முடியுமட்டும் நித்திரை கொள்ளும், குஞ்சு. எழுப்பக் கூடாது" என்றேன். ஹலோவீனுக்கு வாசலில் அலங்காரமாக வைத்த வைக்கோல் கட்டுகளை அயலவர்கள் குப்பைக்கு எறிந்தபோது நான் ஒன்றை இழுத்துவந்தேன். "இனிக் குப்பையும் பொறுக்கத் தொடங்கிட்டாள்" என்று மச்சாள் மேலே தொலைபேசியில் யாருக்கோ சொன்னது கீழே கேட்டது. கேட்கட்டும். நிலம் இறுகும்வரை பொறுத்திருந்து, நானும் மகளும் வைக்கோலைப் பரப்பி மூடினோம். அதன்மேல் பனி விழுந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க மகளுக்கு ஒரே கேள்விதான். எழும்பிவிட்டதா? இல்லை. இன்றைக்கு? இல்லை. பங்குனியில் பனி கரைந்து வைக்கோல் தெரிந்தபோது எனக்கே கை துருதுருத்தது. ஆனால் திறக்கவில்லை. அவசரப்பட்டுத் திறந்தால் பின்பனி கருக்கிவிடும், சித்திரைக் கடைசிவரை கை வைக்காதே என்பது போர்த்துக்கேயக்காரியின் கட்டளை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாகவும் இருந்தது. செத்திருந்தால் அவளுடைய முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

சித்திரை வருடப்பிறப்பு வேலைநாளில் வந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. தைப்பொங்கலன்று வெளியே பனி குவிந்திருக்கும் என்பதால் மச்சாள் பின்வளவுப் பொங்கலை வருடப்பிறப்புக்கு மாற்றி வைத்திருந்தார். பின்னேரம் நல்ல நேரம், சொந்தக்காரருக்கும் சொல்லியிருந்தார். நான் பஸ்ஸால் இறங்கி வரும்போதே எங்கள் வளவிலிருந்து புகை எழும்பியது. வீட்டின் பக்கவாட்டுப் படலையால் பின்வளவுக்குள் போனேன். மூன்று கல்லில் பானை. கணவர் வேட்டியோடு நின்றார். வேலியோரம் பார்த்தேன். வைக்கோல் இல்லை. பாத்தி கிண்டிய வெறும் மண்ணாகக் கிடந்தது.

மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நடந்ததைத் தானே சொன்னாள். வாங்கிவைத்த விறகு ஈரமாம், பிடிக்கவில்லையாம். வைக்கோலை அள்ளிக்கொண்டு வரச் சொல்லி மாமி கேட்டாவாம். அள்ளினால் கீழே செடிகள் பழுப்பாய், தட்டையாய்க் கிடந்தனவாம்.

"உதுகளையும் புடுங்கிக்கொண்டு வா" என்றிருக்கிறார் மச்சாள்.

"மாமி, அது நித்திரை கொள்ளுது."

"செத்ததுக்கு உன்ரை கொம்மா வைச்ச பேர் அது. கொண்டு வா, சாமிக்குப் பொங்கத்தானே."

சாமிக்கு என்றதும் பிள்ளை கொடுத்துவிட்டாள். தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தானே அடுப்புக்குள் வைத்தாளாம். "செத்துப்போனது எண்டு எனக்கு நீங்கள் சொல்லேல்லை" என்றாள். அழவில்லை. நான் கணவரைப் பார்த்தேன். அவர் பானையைப் பார்த்தார்.

மச்சாள் வாழையிலைத் துண்டில் பொங்கல் வைத்து என்னிடம் நீட்டினார். ஆட்கள் நின்றபடியால் 'நீ' போய் 'நீர்' வந்திருந்தது.

"கொஞ்சம் புகை மணக்கும், குறை நினையாதையும். உம்மடை செடி அடுப்பை எரிய விடேல்லை. அடியெல்லாம் நல்ல பச்சை. குருத்தும் விட்டிருந்தது. அடுப்பு ஊதின சித்தப்பாவுக்குக் கண்ணெல்லாம் எரிஞ்சு போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பானையைக் காலால் எத்திவிட ஒரு எட்டுத்தான் இருந்தது. எட்டு வைக்கவும் வைத்தேன். அப்போது மகள் என் கையை விட்டாள்.

"அப்ப அது சாகேல்லையா, அம்மா?"

அவளுடைய நகங்களுக்குள் மண் இருந்தது. அவள் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற சனம் முழுவதும் சிரிப்பை நிறுத்தி என் வாயைப் பார்த்தது.

"செத்துத்தான் போச்சு, குஞ்சு" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பனி தொடங்கேக்கையே செத்துப்போச்சு. அம்மாவுக்கு வளர்க்கத் தெரியேல்லை. நீ புடுங்கினது செத்த செடி."

மகள் தலையாட்டினாள். இறுகியிருந்த அவளுடைய தோள் தளர்ந்து இறங்கியது.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் மச்சாள், எனக்கு இன்னொரு அகப்பை வைத்தபடி.

நான் சாப்பிட்டேன்.